தேடுவோர்க்கு வழி அமைத்த மேதை ரங்கநாதன்

இளம் அறிவியல் (கணினி அறிவியல்), இரண்டாம் ஆண்டு

நூலை எழுதியவரை உலகம் அறியும். நூலைக் கற்றுப் புலமை பெற்றவரையும் உலகம் அறியும். ஆனால் எழுதியவருக்கும் கற்பவருக்கும் நடுவில் நின்று, இன்ன நூல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று வழி செய்து கொடுத்தவரை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? ஆயிரம் நூல்கள் அடுக்கியிருந்தும் வேண்டிய ஒன்று வேண்டிய நேரத்தில் கைக்கு வரவில்லை என்றால், அவை யாவும் குடத்திலிட்ட விளக்கே அல்லவா?

கணினி அறிவியல் பயிலும் மாணவன் ஒரு நூலகரின் வரலாற்றை எழுத வந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். நாங்கள் பயிலும் பாடங்களுள் தரவுக் கட்டமைப்பு என்பது ஒன்று. அந்தப் பாடம் முழுவதையும் இரண்டு கேள்விகளில் அடக்கிவிடலாம். பொருளை எப்படி வைப்பது? வைத்ததை எப்படித் தேடி எடுப்பது? இதே இரண்டு கேள்விகளைக் கணினிகள் தோன்றுவதற்கு முன்பே சென்னையில் உட்கார்ந்து ஆராய்ந்து, ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுத்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

பிறப்பும் கல்வியும்

சீர்காழி இராமாமிருத ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். தந்தை இராமாமிருத ஐயர், தாய் சீதாலட்சுமி. சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியிலிருந்த சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913-இல் பி.ஏ. பட்டமும், 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்டு ராஸ் என்பாரிடம் அவர் கொண்ட பற்று வாழ்நாள் முழுவதும் நீடித்தது. அதன்பின் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சியும் முடித்தார்.

1917-இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். பின்னர் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணி செய்தார். பேச்சில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஆயினும் கற்பிக்கும் ஆசையை அது தடுக்கவில்லை. கணிதம் சொல்லிக் கொடுப்பதே தம் பிறவிப்பயன் என்று எண்ணியிருந்தார்.

வேண்டாத பதவி

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு ஒரு நூலகரை நியமிக்க முடிவு செய்தது. ஏறத்தாழ தொள்ளாயிரம் பேர் விண்ணப்பித்தனர் என்று சொல்வர். அவர்களில் ஒருவரும் நூலகப் பயிற்சி பெற்றவர் அல்லர். அப்படி ஒரு படிப்பு உண்டு என்பதே அன்று நம் நாட்டில் பலருக்குத் தெரியாது. ரங்கநாதனுக்கும் தெரியாது. நேர்காணலுக்குச் சில நாள் முன்பு ஒரு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவருடைய மொத்தத் தயாரிப்பு. எனினும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருந்தமையால் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1924 ஜனவரியில் பதவி ஏற்றார்.

ஏற்ற சில நாட்களிலேயே அவருக்கு மனம் கசந்தது. மாணவர் முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த ஆளற்ற அறையின் அமைதி சிறைவாசமாக இருந்தது. மாநிலக் கல்லூரிக்கே ஓடி, பழைய வேலையைத் திருப்பித் தருமாறு முதல்வரிடம் மன்றாடினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் படிப்பைப் படித்து வரட்டும், திரும்பி வந்த பின்னும் மனம் மாறவில்லையானால் பழைய இடம் காத்திருக்கும் என்று முதல்வர் ஆறுதல் சொல்லி அனுப்பினார். அந்த ஆறுதல் மொழி ஒரு கணித ஆசிரியரை நாட்டின் நூலகத் தந்தையாக மாற்றப்போகிறது என்பதை அன்று யார் அறிவார்!

இலண்டனில் கண்ட காட்சி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் ரங்கநாதன் பாடம் கேட்டார். பாடத்தோடு நில்லாமல் அந்நாட்டின் நூலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று பார்த்தார். நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பார்த்தார் என்பர். அங்கே தொழிலாளியும் அவன் மனைவியும் குழந்தையும் நூலகத்துக்குள் தம் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தனர். தாமே அலமாரியருகில் நின்று நூலைப் புரட்டிப் பார்த்து எடுத்துச் சென்றனர். நம் நாட்டிலோ நூல்கள் பூட்டுக்குள் இருந்தன. ஒரு சீட்டில் நூலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாசகர் வெளியே காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பூட்டிய பீரோவில் நூல் கேட்க வேண்டுமானால் முதலில் நூலின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிய வேண்டுமானால் வீட்டில் படித்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். என்னைப் போல், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவனுக்கு எந்தப் பெயர் தெரியும்? நான் படித்த பள்ளியிலும் நூல்கள் பீரோவுக்குள்தான் இருந்தன. கண்ணாடி வழியே முதுகுப் பக்கத்தை மட்டும் படிக்கலாம். கேட்கத் தெரியாதவனுக்கும் கிடைக்கச் செய்வது எப்படி என்பதே ரங்கநாதன் இலண்டனில் சுமக்கத் தொடங்கிய கவலை. அந்தக் கவலை பிறந்தபின் அவர் கணித வகுப்புக்குத் திரும்ப நினைக்கவே இல்லை.

முக்காற்புள்ளியின் கதை

அலமாரியைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? திறந்த அலமாரியில் நூல்கள் தாறுமாறாகக் கிடந்தால் பூட்டிய பீரோவே மேல். எனவே, எந்த நூலை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும். அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை அன்று பரவலாக வழங்கியது. அதில் பொருள்களுக்கு முன்கூட்டியே எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இது முன்னமே அறைகள் அடித்து வைத்த அஞ்சறைப்பெட்டி போன்றது. ஆறாவது சரக்கு ஒன்று வந்துவிட்டால் அதை எங்கே போடுவது?

இலண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை ரங்கநாதன் பார்த்தார். சில துண்டுத் தகடுகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை பாலம், மறுமுறை வண்டி, இன்னொருமுறை பாரந்தூக்கி. அவர் மனத்தில் பளிச்சென்று ஒரு எண்ணம் தோன்றியது. பொருள்களுக்கு முழு எண்களைத் தயாராக வைப்பதை விட, பொருளின் கூறுகளுக்குச் சிறு சிறு குறிகளை வைத்துக்கொண்டு, வேண்டும்போது அவற்றை இணைத்துக்கொண்டால் என்ன? இணைக்கும் திருகாணியாக அவர் தேர்ந்தெடுத்தது முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அதனால்தான் அவர் கண்ட முறை கோலன் பகுப்பு முறை எனப்பட்டது. 1925-இல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே, அந்தக் கப்பலின் சிறிய நூலகத்தை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார். 1933-இல் அது நூலாக வெளிவந்தது.

நம் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். சேலம் பகுதியில் 1980-களில் மரவள்ளிப் பயிரைத் தாக்கிய நோய் பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துறை எது? வேளாண்மை. பயிர் எது? மரவள்ளி. அதற்கு நேர்ந்தது என்ன? நோய். எந்த இடம்? சேலம். எந்தக் காலம்? 1980-கள். இக்கேள்விகளின் விடைகளை ஒழுங்காகக் கோத்தால் அந்த நூலின் இடம் தானே கிடைத்துவிடுகிறது. நாளைக்கே நாமக்கல்லில் நிலக்கடலை பற்றி ஒரு நூல் வந்தாலும், பழைய நூல் ஒன்றையும் அசைக்காமல் அதற்கும் ஓர் இடம் உண்டு.

தேடலின் இரண்டு பகுதிகள்

வேண்டிய நூலை அடைவதோடு தேடல் முடிவதில்லை. அதன் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் இருப்பவை என்ன என்பதையும் வாசகன் பார்க்கிறான். பெரும்பாலும் அவனுக்கு உண்மையில் தேவைப்படுவது அங்கேதான் இருக்கும். எனவே, தேடிய பொருள் நடுவிலும், நெருங்கிய உறவுடையவை இருபுறமும், தொலைவானவை அவற்றுக்கு அப்பாலும் அமையும்படி அலமாரி இருக்க வேண்டும் என்று ரங்கநாதன் வகுத்தார். பெயர் தெரியாமல் வந்தவன் பக்கத்து நூல்களால் வழிகாட்டப்படுகிறான்.

இனி எங்கள் பாடத்துக்குச் சற்று வருகிறேன். கணினியின் இயங்குதளத்துக்குள் கெர்னல் என்றொரு உட்பகுதி உண்டு. எந்த வேலை முதலில் ஓட வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பதை எல்லாம் நொடிக்கு எத்தனையோ முறை தீர்மானிப்பது அதுவே. அதற்காக அது வைத்திருக்கும் பட்டியல்கள் சில, இருகிளை மரமாக அமைந்தவை. ஒவ்வொரு கணுவுக்கும் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். தேடுபவன் ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒரு பக்கம் திரும்புகிறான். மரம் சமமாக இருந்தால் பத்து இலட்சம் பொருள்களுக்குள் ஒன்றை ஏறக்குறைய இருபதே கேள்விகளில் எட்டிவிடலாம். ஆனால் பொருள்களை வரிசையாக வந்தபடியே செருகிக்கொண்டு போனால் மரம் ஒரே பக்கமாக நீண்டு கொடியாகிவிடும். அப்போது கடைசிப் பொருளைத் தேடுபவன் பத்து இலட்சம் படிகளையும் ஏறி இறங்க வேண்டியதுதான்!

இதைத் தடுக்க, செருகும்போதே மரத்தைத் திருத்தும் முறைகளை அறிஞர்கள் கண்டனர். 1962-இல் சோவியத் நாட்டின் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் ஆகிய இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். 1972-இல் ஜெர்மானியரான ருடால்ஃப் பேயர் வெளியிட்ட மற்றொரு முறையிலிருந்து சிவப்பு-கறுப்பு மரம் என்பது உருவாயிற்று. ஒவ்வொரு கணுவுக்கும் சிவப்பு அல்லது கறுப்பு நிறம் தந்து, சில விதிகளைக் காத்தால், மிக நீண்ட பாதை மிகக் குறுகிய பாதையைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாது. லினக்ஸ் கெர்னலில் இந்த மரமே பயன்படுகிறது. 2007 முதல், ஓட வேண்டிய வேலைகளை வரிசைப்படுத்துவதற்கும் அது உதவுகிறது.

அந்தக் கெர்னலில் ஒரு வழக்கம் என்னைக் கவர்ந்தது. தேடும் பகுதியை, மரத்தைப் பயன்படுத்துபவரே தம் தேவைக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ள வேண்டும். கிளைகளைச் சுழற்றிச் சமன் செய்யும் கடினமான பகுதியையும், அடுத்த கணு எது என்று காட்டும் பகுதியையும் கெர்னலே பொதுவில் வைத்திருக்கிறது. அடுத்த கணுவைக் காண்பதற்கு வழி எளிது. வலக்கிளை இருந்தால் அதில் இறங்கி, பின் இடப்பக்கமாகவே முடிவு வரை செல்ல வேண்டும். வலக்கிளை இல்லையானால் மேலே ஏற வேண்டும்; எந்தக் கணுவுக்கு அதன் இடப்புறத்திலிருந்து ஏறி வருகிறோமோ அதுவே அடுத்தது. இப்படியே நடந்தால் மரத்திலுள்ள அனைத்தும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வந்து நிற்கும்.

திறந்த நூலகத்தின் அமைப்பும் இதுதானே? வாசகன் தானே நடந்து தேடுகிறான். ஒழுங்கு குலையாமல் காப்பது மட்டும் நூலகரின் கடமை. ரங்கநாதனின் பகுப்பு இரு கிளையோடு நிற்பதன்று. பல கிளை விரிவது. கணினிக்காக அவர் அதைப் படைக்கவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை அறம் ஒன்று. வைப்பவன் சற்றுப் பாடுபட்டால் தேடுபவர் அனைவரும் பாடுபடாமல் இருக்கலாம். வைப்பது ஒருமுறை, தேடுவதோ ஓராயிரம் முறை.

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. பாவில் ஓர் இழை அறுந்தால் அதை அதற்குரிய விழுதிலும் அச்சிலும் நுழைத்துத்தான் கட்ட வேண்டும். பக்கத்து இழையின் இடத்தில் நுழைத்துவிட்டாலும் தறி ஓடும். ஆனால் துணியில் கோடு விழும். அந்தக் கோட்டைச் சுமப்பவர் துணியை வாங்குபவரே. ஒழுங்கு என்பது பிறருக்கு நாம் செய்யும் உதவி என்பதைப் புத்தகத்துக்கு முன்பே தறி எனக்குச் சொல்லியிருந்தது.

ஐந்து விதிகள்

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரிகளை ரங்கநாதன் வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார்; இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்கவில்லை என்று அவரை அறிந்தோர் கூறுவர். ஆயினும் கணிதம் பயின்ற அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. நூலகத்தில் நூறு வேலைகள் நடக்கின்றன. அவை அனைத்துக்கும் அடிப்படையான சில விதிகள் இருக்க வேண்டுமே என்று தேடினார். 1928-இல் ஒரு நாள் பேராசிரியர் ராஸ் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சொல் முதல் விதியைத் திறந்துவிட்டது. மற்ற நான்கும் அதைத் தொடர்ந்து வந்தன. 1931-இல் அவை நூலாயின.

நூல் காப்பதற்காக அன்று, பயன்படுவதற்காகவே இருக்கிறது என்பது அவற்றின் தொடக்கம். யாராக இருந்தாலும் அவருக்கு ஏற்ற நூல் ஒன்று உண்டு, எந்த நூலாக இருந்தாலும் அதை வேண்டுபவர் ஒருவர் உண்டு, இருவரையும் சந்திக்க வைக்க வேண்டும் என்பன அடுத்த இரண்டு. தேடி வருபவரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் நின்றுபோகாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஐந்தாவது. கணினி மாணவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பொருள் பெருகிக்கொண்டே போகும். ஆனாலும் தேடும் நேரம் பெருகக் கூடாது. சமமான மரம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் உண்டா?

ஊர்தோறும் நூலகம்

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கினார் ரங்கநாதன். 1929 முதல் நூலகப் பயிற்சி வகுப்பும் நடந்தது. 1931-இல் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை முன்னின்று நடத்த, மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களை நாடிச் சென்றது. வாசகன் வரும்வரை காத்திராமல் நூலே வாசகனைத் தேடிப் போயிற்று!

ஆனால் தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பி நூலகம் நிலைக்காது. சட்டம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும், மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும் அதனால் வந்தன. சேலத்திலும், 1997-இல் தனி மாவட்டமான நாமக்கல்லிலும் மைய நூலகங்களில் அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் நண்பர்கள், அந்த மேசையை அங்கே கொண்டுவந்து போட்டது எந்தச் சட்டம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பிற்காலம்

1945-இல் சென்னைப் பணியை விட்டு நீங்கி, காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தம் கையாலேயே பகுத்துத் தந்தார் என்பர். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தங்கி எழுதினார். சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு இலட்சம் ரூபாயை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுவதற்காகக் கொடுத்துவிட்டார். அப்பதவிக்குத் தம் பெயரோடு மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்தார். 1957-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார். கணிதப் பற்றும் மாறவில்லை. 1967-இல் கணித மேதை இராமானுஜன் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1972 செப்டம்பர் 27-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் பெங்களூரில் மறைந்தார். ஆகஸ்டு 12-ஆம் நாளை நாடு நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

எண்பது ஆண்டு வாழ்ந்த ஒரு மனிதர், பிறர் தேடும் நேரத்தைக் குறைப்பதற்குத் தம் நேரத்தை எல்லாம் செலவிட்டார். அதற்குக் கைம்மாறாக நாம் செய்யக்கூடியது மிகச் சிறிது. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ட இடத்தில் செருகிவிட்டுப் போகிறோம். இடம் மாறிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். பதிவேட்டில் இருக்கும், அலமாரியிலும் இருக்கும், தேடுபவன் கையில் மட்டும் இருக்காது. இடம் தெரியவில்லையானால் மேசைமேல் வைத்துவிட்டால் போதும். நூலகர் உரிய இடத்தில் சேர்ப்பார். நமக்குப் பின்னால் வருபவன், நூலின் பெயரும் தெரியாமல், கேட்கவும் கூசிக்கொண்டு, அலமாரியில் கண்ணை ஓட்டிக்கொண்டு வரும் ஒரு முதல் தலைமுறை மாணவனாக இருக்கலாம். அவன் கண் நிற்கும் இடத்தில் அவனுக்குரிய நூல் நிற்கட்டும்!